ஏடு தொடக்கும் கை

"அந்தக் கறுத்தப் பொட்டை எடுத்துப்போட்டுக் குங்குமத்தை வைச்சுக்கொண்டு போ, பிள்ளை."

படலையைத் திறந்து சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டிருந்த குணலட்சுமி நின்றாள். விறாந்தை வாசலில் மாமி இராசமலர் குங்குமச் சிமிழோடு நின்றார். இரவல் வாங்கிய கோபம் இல்லை அது. காலையில் எழும்பும்போதே கூட எழும்புகிற கோபம்.

"நேரம் போகுது மாமி. மணி அடிச்சிடும்."

"அடிக்கட்டும். கறுத்தப் பொட்டோடை றோட்டாலை போனால் சனம் என்ன நினைக்கும்? அவனை நீயே கொண்டுபோட்டாய் எண்டு நினைக்கும். என்ரை பிள்ளை உசிரோடை இருக்கிறான்."

குணலட்சுமி சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுத் திரும்பி வந்து தலையைக் குனிந்தாள். மாமியின் விரல் நெற்றியில் அழுத்திப் பதிந்தது. நாற்பத்தெட்டு வயதில், இருபது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள், தன் நெற்றிக்கு இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது.

பதினாறு வருடமாக அந்த வீட்டில் கோகுலன் இல்லை. பதினாறு வருடமாக அந்த வீட்டில் கோகுலனைத் தவிர வேறு எதுவும் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை அவனுடைய சாரங்கள் தோய்த்துக் காயப்போடப்பட்டன. அவனுடைய கதிரையில் விருந்தாளியும் இருக்க முடியாது. படலைக்கு இரவிலும் கொளுக்கி போடுவதில்லை. வருகிறவன் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதாம். தீபாவளிக்குத் தீபாவளி அவனுக்கு ஒரு புதுச் சட்டை வாங்க வேண்டும். அலுமாரியில் பதினாறு சட்டைகள் மடிப்புக் கலையாமல் கிடந்தன. அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் கடைத்துணியின் மணம் வரும், ஆளின் மணம் வராது.

வீட்டுக்குள் அவள் கட்டாயச் சுமங்கலி. படலையைத் தாண்டினால் ஊருக்கு வேறு நியாயம். நல்ல காரியத்துக்குப் புறப்பட்டவர் எதிரே அவளுடைய சைக்கிளைக் கண்டால், எதையோ மறந்துவிட்டவர் மாதிரித் திரும்பிப் போய் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வருவார். கலியாண வீட்டில் ஆலாத்தித் தட்டு அவளைச் சுற்றிக்கொண்டு போகும். யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் அவர்கள் கொடுக்கும் மரியாதை. அரசாங்கம் கூட 'காணவில்லை' என்று மட்டும்தான் சான்றிதழ் எழுதித் தந்தது. செத்துவிட்டான் என்று தீர்ப்பு எழுதியது இந்தத் தெரு.

கீரிமலை வீதியில் எதிர்க்காற்று. சின்னப் பிள்ளைகளுக்கு அரிசியில் முதல் எழுத்தை எழுதுவித்து ஏடு தொடக்கும் விஜயதசமிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

* * *

மூன்றாம் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். வகுப்பறைக்குக் குறுக்கே, யன்னலில் இருந்து யன்னலுக்கு ஒரு கொடிக்கயிறு. அதில் உடுப்புக் கவ்விகளில் சொற்கள் தொங்கின. பால்மாப் பெட்டிகளை வெட்டிச் செய்த அட்டைகள். ஒவ்வொரு பிள்ளையும் தினமும் வீட்டில் கேட்ட ஒரு சொல்லை வாயில் கொண்டுவர வேண்டும். வகுப்பில் அதைத் தட்டித் தட்டிப் பிரித்து, எழுதி, வாசித்து, கருத்துச் சொல்லி, வசனம் அமைத்து, பிறகு கொடியில் போட வேண்டும். வாரக் கடைசியில் ஒருவர் சொல்லை மற்றவர் வாசிக்க வேண்டும்.

புத்தகத்துச் சொல்லைப் பத்துத்தரம் பார்த்து எழுதினால் கை எழுதும், கண் வாசிக்காது என்பதை அவள் பட்டுத்தான் அறிந்தாள். வீட்டில் உலாவுகிற சொல்லைப் பிள்ளை விடாது. அதைக் கொடியில் கண்டால் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி ஓடி வரும்.

ஒரேயொரு சட்டம்தான். கொண்டுவந்த சொல்லைத் திருப்பி அனுப்புவதில்லை.

அதனால் அந்தக் கொடியில் ஊரே தொங்கியது. வெங்காயம், இறைப்பு, வைரவர், விசா, தறப்பாள், கம்பிவேலி, மாத்திரை, சத்தியம். எந்த வீட்டில் எதைக் கதைக்கிறார்கள் என்று குணலட்சுமிக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவள் மாதிரி இருப்பதும் ரீச்சர் வேலைதான்.

அன்றைக்கு ஆரணியின் முறை வந்தது. எட்டு வயது. போன தைமாதம் இந்தப் பிள்ளைக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. 'மொக்கு' என்று மற்றப் பிள்ளைகள் கேலியாகக் கூப்பிட்டால், தன் பெயர் அதுதான் என்பது போலத் திரும்பிப் பார்க்கும். பின்னேர வாசிப்பு வகுப்பில் ஐந்து மாதம் பக்கத்தில் இருத்திப் பழக்கியதில், ஆனி மாதம் ஒருநாள் 'புடலங்காய்' என்று ஒரே மூச்சில் வாசித்தது. அன்றைக்குக் குணலட்சுமி கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள். இப்போது ஆரணி பஸ்ஸின் நெற்றிப் பலகையை வாசிக்கிறது, மருந்துப் பெட்டியை வாசிக்கிறது, கடலை சுற்றிய கடதாசியையும் விடுவதில்லை.

"என்ன சொல்லு கொண்டுவந்தனீங்கள், ஆரணி?"

"அறுதலி."

கஜானன் என்ற பெடியன் வாயைப் பொத்தினான்.

"ரீச்சர், அது கூடாத சொல்லு."

"கூடாத சொல்லோ? எனக்குத் தெரியாது," என்றது ஆரணி. "நேற்று அம்மா ரெலிபோனிலை சித்தியோடை கதைக்கேக்கை சொன்னவா. புதுச் சொல்லு எண்டு நினைச்சு வைச்சிருந்தனான்."

யாரைப் பற்றிய கதை என்று குணலட்சுமிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. 'வேறு சொல் சொல்லுங்கோ' என்றால் போதும். ஆனால் திருப்பி அனுப்பினால் பிள்ளை அதைப் பயத்தோடு வீட்டுக்குக் கொண்டுபோகும், பயந்த சொல் பெரிதாக வளரும். அவள் அட்டையையும் பேனையையும் நீட்டினாள்.

"தட்டிப் பாருங்கோ."

ஆரணி மேசையில் தட்டியது. அ, று, த, லி. யாருடைய உதவியும் இல்லாமல் நான்கு எழுத்தையும் எழுதியது. ஒரு பிழை இல்லை. தான் பழக்கிய பிள்ளை முதல்முறையாகப் பிழையில்லாமல் எழுதிய சொல் தன்னை ஏசுகிற சொல். பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியாமல் குணலட்சுமி அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கருத்து என்ன ரீச்சர்?"

"புருசன் செத்துப்போன பொம்பிளையை ஆக்கள் ஏசுற சொல்லு."

"ஏன் ஏசுறவை? அவா என்ன செய்தவா?"

"ஒண்டும் செய்யேல்லை."

ஆரணி யோசித்தது. பிறகு வசனம் சொல்லும் நேரம் வந்ததென்று நிமிர்ந்து நின்று, அம்மா சொன்னதை அப்படியே ஒப்புவித்தது. "அறுதலி ஏடு தொடக்கினால் பிள்ளைக்குப் படிப்பு வராது."

முன்வாங்கில் யாரோ சிரித்தார்கள். ஆரணி சிரிக்கவில்லை. "அது ஆர் ரீச்சர்?" என்று கேட்டது.

"என்னைத்தான் சொல்லியிருக்கிறா."

பிள்ளை அவளை மேலும் கீழும் பார்த்தது. "அப்ப வசனம் பிழை," என்றது. "எனக்குப் படிப்பு வந்திட்டுதே."

குணலட்சுமி அந்த அட்டையை எடுத்து மற்றவற்றோடு கவ்வியில் மாட்டினாள்.

* * *

இடைவேளையில் அதிபர் பொன்னம்பலம் கூப்பிட்டார். நல்ல மனுசன். நல்ல மனுசர் எல்லாரையும் போல, தொல்லை வராத வரைக்கும் நல்லவர்.

"ரீச்சர், இந்த முறையும் கடலை, அவல் பக்கம் உங்கடை பொறுப்பு, என்ன?"

"ஏடு தொடக்கிறது ஆர் சேர்?"

"நானும் மதுரா ரீச்சரும்."

மதுராவுக்கு இருபத்தாறு வயது. தைமாதம் முதல் நியமனத்தில் வந்தவள், ஆனியில் கலியாணம் முடித்தவள். எழுத்துக் கூட்டிப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று குணலட்சுமியிடம் வந்து கேட்டுப் பழகுகிறாள். பழகுகிறவள் கைக்கு அரிசித் தட்டு, பழக்குகிறவள் கைக்குக் கடலைச் சட்டி.

"முப்பத்தொரு பிள்ளையள் சேர். ரெண்டு பேர் காணுமோ? நான் ஒன்பது வருசமாக் கடலை அவிக்கிறன்."

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு உப்பிடியான நம்பிக்கை ஒண்டும் இல்லை ரீச்சர், உங்களுக்குத் தெரியும். ஆனால் தாய் தேப்பன்மார் இருக்கினமல்லோ. சின்னப் பிள்ளையின்ரை முதல் எழுத்து. சுமங்கலிக் கையாலை வேணும் எண்டு கேக்கினம். பிறகு பிள்ளையளை வேறை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிடுவினம்."

நம்பிக்கை இல்லாதவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் இந்த வழக்கத்தைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று குணலட்சுமிக்கு வாய்க்குள் வந்தது. அதற்குள் மணி அடித்தது.

* * *

மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஆரணியின் தாய் வித்தியா வகுப்பு வாசலில் வந்து நின்றாள். வெயிலில் கறுத்து, சேலை கசங்கியிருந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகத் தாய்மாரும் சகோதரிகளும் றோட்டோரத்தில் கொட்டகை போட்டு இருக்கிறார்களே, அங்கேயிருந்து நேரே வருகிறாள். கையில் பொலித்தீன் பைக்குள் ஒரு படம்.

"ரீச்சர், பிள்ளை ஏதோ தெரியாமல் சொல்லிப்போட்டுதாம். மனசிலை வைச்சிராதேங்கோ."

"பிள்ளை தெரியாமல் சொன்னவள். நீங்கள் தெரிஞ்சு சொன்னனீங்கள்."

வித்தியா கொடியைப் பார்த்தாள். அவளுடைய வீட்டுச் சொல் அங்கே காற்றில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பினாள்.

குணலட்சுமியின் கண் பையில் இருந்தது. பைக்குள் நிருஷன், வித்தியாவின் தம்பி, பத்தொன்பது வயதில். அரும்பு மீசை. அந்த முகத்தை அவள் கடைசியாகப் பார்த்தது போர் முடிந்த நாளில், பாலத்தடியில், சரணடைந்தவர்களை ஏற்றிய பஸ்ஸின் யன்னலில். யன்னலோரம் அவன் இருந்தான். அவனுக்குப் பின்னால் இடமில்லாமல் நின்ற கோகுலன், அவன் தலைக்கு மேலாலே கையை நீட்டி அசைத்தான். கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்களும் தோளோடு தோள் இடிபட நின்றார்கள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அந்தப் புழுதி இன்னும் அடங்கவில்லை; வகுப்பில் கரும்பலகையைத் துடைக்கும்போது சுண்ணக்கட்டித் தூள் பறந்தாலும் அவளுக்கு நெஞ்சு திடுக்கிடும்.

"வித்தியா, உங்கடை தம்பி இருக்கிறாரோ?"

"என்ன கேள்வி இது ரீச்சர்? இருக்கிறான். எங்கையோ வைச்சிருக்கினம். அதுக்குத்தானே நாங்கள் வெயிலிலையும் மழையிலையும் கிடக்கிறம்."

"அதே பஸ்ஸிலை, அவருக்குப் பின்னாலை நிண்டுகொண்டு போனவர் என்ரை மனிசன். நீங்களும் பாத்தனீங்கள். உங்கடை தம்பி இருக்கிறார் எண்டால், நான் மட்டும் என்னெண்டு அறுதலியானன்?"

வித்தியா படத்தை நெஞ்சோடு அணைத்தாள். இந்தப் பெண் பதினாறு வருடத்தில் ஒருமுறையேனும் இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை என்பது அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. தம்பிக்கு ஒரு நியாயம், ரீச்சரின் புருசனுக்கு ஒரு நியாயம். ஆரணியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

வாதத்தில் வென்ற சந்தோசம் குணலட்சுமிக்கு வாசல் தாண்டும்வரைகூட நிலைக்கவில்லை. அவளும் மாமியைப் போலத்தான் வாதாடியிருக்கிறாள். அவர் இருக்கிறார், ஆகவே என் கை நல்ல கை. அப்படியென்றால் அவர் இல்லாவிட்டால் இது கெட்ட கையா? ஆரணியின் அம்மா சித்திக்குச் சொன்னது அப்போது சரியாகிவிடுமா?

இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மூன்றாம் வருடமோ நான்காம் வருடமோ, சட்டைக் கடையில் அளவு கேட்டபோது அவளுக்குப் பதில் வரவில்லை. முப்பத்துநான்கு வயதுக்காரனின் அளவையே சொல்லி வாங்கி வந்தாள். வயது ஏறிய கோகுலன் எப்படி இருப்பான் என்று எவ்வளவு முயன்றும் மனசில் எழும்பவே இல்லை. வளராத ஒருவனுக்குத்தான் வருடா வருடம் ஒரே அளவில் சட்டை வாங்குகிறோம் என்று அன்றைக்கே உடம்பு அறிந்துவிட்டது. வாய் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் மாமி தாங்கமாட்டார். தானும் தாங்குவாளா என்பதும் தெரியாது.

* * *

விஜயதசமி அன்று மண்டபத்தில் கும்பம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு மாலை போட்டிருந்தது. அதிபருக்கு முன்னால் ஒரு தாம்பாளம், மதுராவுக்கு முன்னால் ஒன்று. பட்டுப் பாவாடையும் வேட்டியுமாகச் சின்னப் பிள்ளைகள் தாய்மாரின் இடுப்பில். பின்பக்கத்தில் கடலை அவிந்து முடிந்திருந்தது.

குணலட்சுமி கையைக் கழுவினாள். சமையல் மேசையில் மிச்சமாயிருந்த தாம்பாளத்தை எடுத்துப் பச்சையரிசியைக் கொட்டினாள். ஒரு பாயையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்து, மதுராவுக்குப் பக்கத்தில் விரித்து இருந்தாள். அரிசியை உள்ளங்கையால் சமப்படுத்தினாள்.

அதிபர் பார்த்தார். சனத்துக்கு முன்னால் அவர் எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு வரிசையும் இரண்டு வரிசையாகவே நின்றன.

வித்தியா வரிசையில் இருந்து விலகி நேரே அவளிடம் வந்தாள். இடுப்பில் இளைய மகள் சாருஜா, மூன்றரை வயது. மண்டபம் திரும்பிப் பார்த்தது.

"ரீச்சர்," என்றாள் வித்தியா. கண் கலங்கியிருந்தது. "மூண்டு நாளாச் சாப்பாடு இறங்கேல்லை. நீங்கள் சொன்னது சரி. என்ரை தம்பி இருக்கிறான் எண்டால் உங்கடை அவரும் இருக்கிறார். நான் கதைச்சது பிழை." பிறகு, வரிசையில் நின்றவர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இவையளும் கேக்க ஒருக்காச் சொல்லுங்கோ, அவர் இருக்கிறார் எண்டு. நான் பிள்ளையை உங்கடை மடியிலை இருத்திறன்."

அதிபர் தலையை ஆட்டினார். தொல்லையில்லாமல் முடியப்போகிறது என்ற நிம்மதி அவருக்கு. வரிசையில் இரண்டொருவர் தலையும் ஆடியது. எவ்வளவு சுலபம்! மாமி நாளும் பொழுதும் சொல்கிற சொல். ஒன்பது வருடக் கடலைச் சட்டிக்கு முடிவு. சாருஜா குனிந்து, அரிசியைத் தொடக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன விரலைப் பிடிக்க வேண்டும் என்று குணலட்சுமியின் உடம்பு முழுவதும் ஆசைப்பட்டது.

"வித்தியா, உங்கடை தம்பியைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. அவருக்காக நீங்கள் இருங்கோ. நானும் வந்து இருப்பன்." அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "என்ரை ஆளைப் பற்றித்தான் சொல்லுறன். அவர் இல்லை. எனக்குக் கனகாலமாத் தெரியும். அவர் இருக்கேக்கையும் இது இந்தக் கைதான், இப்பவும் இந்தக் கைதான். பிள்ளையை இருத்துங்கோ."

யாரோ 'ஐயோ' என்றார்கள். வித்தியா ஓரடி பின்னால் போனாள்.

"ஏன் ரீச்சர் இப்பிடிச் செய்யிறியள்? நான் தரத்தானே வந்தனான்!"

அவள் குரலில் இருந்தது கோபமா கெஞ்சலா என்று சொல்ல முடியாது. நீட்டிய கையோடு அழத்தொடங்கிய சாருஜாவை இழுத்து அணைத்துக்கொண்டு மதுராவின் வரிசைக் கடைசியில் போய் நின்றாள். முறை வந்ததும் மதுரா அந்தச் சின்ன விரலைப் பிடித்து அரிசியில் எழுதினாள். எழுதும்போது அவள் பக்கத்துப் பாயைப் பார்க்கவில்லை. அகரத்தின் கடைசிக் கோடு தாம்பாளத்தின் விளிம்பில் போய் முட்டியது.

குணலட்சுமி எழும்பவில்லை. முழங்கால் விறைத்தது. சொன்ன வார்த்தை மண்டபத்தைச் சுற்றி, வாசலால் வெளியே போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய சைக்கிள் போவதற்குள் அது வீட்டு விறாந்தையை அடைந்துவிடும். மாமியின் முகத்தை நினைக்க நெஞ்சு பதறியது. கோகுலனுக்காக அழவேண்டும் போலவும் இருந்தது. பதினாறு வருடத்தில் ஒருநாளும் அழ விடப்படாத அழுகை. இங்கே வேண்டாம் என்று பல்லைக் கடித்தாள். முப்பத்தொரு பிள்ளைகளும் ஏடு தொடக்கி எழும்பினார்கள். அவளுக்கு முன்னாலிருந்த அரிசியில் ஒரு விரல்பட்ட அடையாளமும் இல்லை.

சனம் கலையத் தொடங்கியது. வித்தியா வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். ஆரணி அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. வித்தியா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேளாத குரலில் கேட்டாள்.

"திங்கக்கிழமை பின்னேரம் வாசிப்பு வகுப்பு இருக்குத்தானே ரீச்சர்? மூத்தவளுக்கு நீளமான சொல்லுகள் இன்னும் இடறுது. சின்னவளையும் கூட விடட்டோ? உங்களட்டைப் பழகினால்தான் எழுத்துப் பிடிபடும்."

"இருக்கு. ரெண்டு பேரையும் விடுங்கோ."

வித்தியா தலையை ஆட்டிவிட்டு, சாருஜாவின் விரலில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். அதிபர் தொண்டையைச் செருமியபடி பாயருகே வந்து நின்றார்.

"ரீச்சர், எல்லாரும் முடிஞ்சுது. எழும்புங்கோவன். கடலை ஆறிப்போகுது, பங்கிட ஆளில்லை."

"நீங்கள் பங்கிடுங்கோ சேர்," என்றாள் குணலட்சுமி. "நான் ஏடு தொடக்க இருக்கிறன்."